சாவிக்கு ஞாபகசக்தி உண்டா?

காமர்ஸ் படிக்கிறவனுக்கு கார் சாவியைப் பற்றி என்ன ஆராய்ச்சி என்று கேட்காதீர்கள். எல்லாம் என் சித்தப்பாவால் வந்தது!

சித்தப்பா சில மாதங்களுக்கு முன் ஒரு செகண்ட் ஹேண்ட் கார் வாங்கினார். கொஞ்சம் உயர்ந்த ரகம். ரிமோட் சாவியை அழுத்தினால் கதவு திறப்பதோடு, அவரவர் உயரத்துக்குத் தகுந்த மாதிரி சீட்டும் பக்கக் கண்ணாடியும் தானாகவே நகர்ந்து நிற்கும். சாவி இரண்டு. ஒன்று ஆறடி உயர சித்தப்பாவுக்கு, இன்னொன்று ஐந்தடியைத் தொடாத சித்திக்கு. ஒரு நாள் காலையில் சித்தப்பா கதவைத் திறந்தால் சீட் ஸ்டீயரிங்கை ஒட்டி நிற்கிறது. பின்னால் தள்ளிவிட்டு ஓட்டினார். மறுநாளும் அதே கதை. மெக்கானிக்கிடம் காட்டினால், "சீட் மோட்டார் போயிடுச்சு சார், மாத்தணும்" என்று ஒரு பெரிய தொகையைச் சொன்னார்.

அன்று சாயங்காலம் சித்தி சொன்னதுதான் துப்பு. "எனக்கு நேர்மாறா இருக்குடா. சீட் எங்கேயோ பின்னாடி போயிடுது, பிரேக்குக்கே கால் எட்ட மாட்டேங்குது." எனக்குச் சட்டென்று பொறி தட்டியது. "சித்தப்பா, உங்க ரெண்டு பேர் சாவியையும் கொண்டு வாங்க" என்றேன். ஆணியில் மாட்டும்போது இரண்டும் இடம் மாறியிருந்தன. அவ்வளவுதான். மோட்டார் செலவு மிச்சம். (எனக்கு ஒரு பிரியாணி லாபம் :-) )

ஆனால் கேள்வி மட்டும் மண்டையைக் குடைந்தது. சீட் எங்கே நிற்க வேண்டும் என்பது சாவிக்கு எப்படித் தெரிந்தது? தேடிப் படித்ததில் கிடைத்த வரலாறு இது.

ஆரம்ப காலத்தில் கார் கிளம்ப, முன்பக்கம் ஒரு கைப்பிடியைச் செருகிச் சுற்ற வேண்டும். 1912-ல் காடிலாக் காரில் சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய மின்சார ஸ்டார்ட்டர் வந்தது. அப்போதும் அதற்கென்று தனியாக ஒரு பொத்தானையோ மிதியையோ அழுத்த வேண்டியிருந்தது. சாவியைத் திருப்பினாலே இன்ஜின் கிளம்பும் வசதியை 1949-ல் கிரைஸ்லர் நிறுவனம் கொண்டு வந்தது.

சீட்டுக்கு ஞாபகசக்தி வந்தது 1957-ல். காடிலாக் எல்டொராடோ ப்ரோம் என்ற காரில் சீட் நிலையைப் பதிவு செய்து வைத்துக்கொள்ளலாம். விலை 13,074 டாலர். அந்த வருடம் தயாரானது 400 கார்கள்தான். அதே வருடம் ஃபோர்டு தண்டர்பேர்டில் இன்னொரு வேடிக்கை. சாவியைத் திருப்பி இன்ஜினை நிறுத்தினால், இறங்க வசதியாக சீட் பின்னால் போகும். மறுபடி சாவியைப் போட்டால் பழைய இடத்துக்கு வரும். சாவியும் சீட்டும் பேச ஆரம்பித்துவிட்டன. ஆனால் சாவி யாருடையது என்று காருக்குத் தெரியாது. எல்லாச் சாவியும் ஒன்றுதான்.

சாவிக்கு "அடையாளம்" கிடைத்தது சொகுசுக்காக இல்லை, திருடனுக்குப் பயந்து!

1982-ல் பிரான்ஸில் ரெனோ ஃபியூகோ கார், தூரத்தில் இருந்தே திறக்கும் ரிமோட்டோடு வந்தது. அதை உருவாக்கிய பால் லிப்ஷுட்ஸின் பெயரை ஒட்டி பிரெஞ்சுக்காரர்கள் அதை "ப்ளிப்" என்று அழைத்தார்கள். 1986-ல் செவர்லே கார்வெட் சாவியில் ஒரு சின்ன மின்தடையைப் பதித்தார்கள். அதன் மதிப்பு பொருந்தாவிட்டால் இன்ஜின் கிளம்பாது. ஆனால் மொத்தமே 15 மதிப்புகள்தான். 1990-களில் சிப் பதித்த சாவிகள் வந்தன. ஒவ்வொரு சாவிக்கும் தனி எண், அந்த எண் காரில் பதிவாகியிருந்தால்தான் வண்டி கிளம்பும். ஐரோப்பிய யூனியனில் 1998 அக்டோபரிலிருந்து புதுக் கார்களுக்கு இந்தப் பாதுகாப்பு கட்டாயமானது.

ஒவ்வொரு சாவிக்கும் எண் வந்த பிறகு அடுத்த யோசனை சுலபம். "2-ம் எண் சாவி வந்தால் 2-ம் எண் ஆளின் சீட்." ஜெனரல் மோட்டார்ஸ் கார்களின் ரிமோட்டுகளில் பின்பக்கம் 1, 2 என்றே அச்சடித்திருந்தார்கள். 1998-ல் வந்த பி.எம்.டபிள்யூ 3 சீரிஸில் இந்த வசதிக்கு "கீ மெமரி", அதாவது சாவி ஞாபகம் என்றே பெயர்.

இந்தப் பெயரில்தான் குழப்பமே. பெரும்பாலான கார்களில் சீட் விவரம் சாவிக்குள் இல்லை, காருக்குள் இருக்கிறது. பேங்கில் டோக்கன் கொடுப்பார்களே, அது மாதிரி. டோக்கனுக்குள் பணம் இல்லை, எண் மட்டும்தான். பணம் கவுன்ட்டருக்கு உள்ளே இருக்கிறது. டோக்கனை யார் நீட்டினாலும் காசாளர் பணத்தை எண்ணி வைப்பார். காரும் அப்படித்தான். அது ஆளைப் பார்ப்பதில்லை, டோக்கனைத்தான் பார்க்கிறது. சித்தப்பா வீட்டில் நடந்தது இதுதான்.

சீட் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் என்ன குடி முழுகிவிடும் என்று நானும் நினைத்தேன். 1990-களில் அமெரிக்காவில் நடந்ததைப் படித்த பிறகு அப்படி நினைக்க முடியவில்லை. ஏர்பேக் பரவலானபோது, மெதுவான மோதல்களில்கூட சில ஓட்டுநர்கள் இறந்தார்கள். கொன்றது மோதல் இல்லை, விரிந்த ஏர்பேக். ஸ்டீயரிங்குக்கு மிக நெருக்கமாக உட்கார்ந்திருந்தவர்கள் அவர்கள். பலர் உயரம் குறைந்த பெண்கள். 1997-ல் ஏர்பேக்கின் வேகத்தைக் குறைக்க விதியை மாற்றினார்கள். நெஞ்செலும்புக்கும் ஸ்டீயரிங்குக்கும் இடையே குறைந்தது 10 அங்குலம், அதாவது சுமார் 25 செ.மீ. இருக்க வேண்டும் என்பது அங்குள்ள நெடுஞ்சாலைப் பாதுகாப்புத் துறையின் அறிவுரை. பிரேக்குக்குக் கால் எட்டாத சித்தியையும், ஸ்டீயரிங்கில் ஒட்டிக்கொண்ட சித்தப்பாவையும் நினைத்துப் பாருங்கள். பணக்காரர் சொகுசாகப் பிறந்த விஷயம், உயிர் விஷயமாகிவிட்டது.

அடுத்த திருப்பம் 2008-ல். ஃபோர்டு "மைகீ" என்று ஒன்றை அறிவித்தது. 2010 மாடல் ஃபோகஸ் காரில் வந்தது. பிள்ளைகளிடம் கொடுக்கும் சாவியில் மணிக்கு 80 மைலுக்கு மேல் வண்டி போகாதபடி செய்யலாம், பாட்டுச் சத்தத்தை 44 சதவீதத்தோடு நிறுத்தலாம். பெல்ட் போடும் வரை பாட்டே வராது. அதுவரை நமக்குச் சேவகம் செய்த சாவி, இப்போது நம்மைக் கண்காணிக்கவும் ஆரம்பித்தது! ஆனால் அப்பாவின் சாவியை எடுத்துக்கொண்டு போனால் பையனும் அப்பாதான். டோக்கன் கதை மறுபடியும்.

1998-ல் அறிமுகமான மெர்சிடிஸ் எஸ்-கிளாஸ் மூலம், சாவியைப் பையில் இருந்து எடுக்கவே தேவையில்லாத முறை வந்தது. அதோடு புதுத் தலைவலியும் வந்தது. கணவன் மனைவி இருவரும் சாவியோடு காரை நெருங்கினால், கார் யாரை ஓட்டுநர் என்று எடுத்துக்கொள்ளும்? 2021-ல் வந்த ஜெனிசிஸ் ஜிவி60 காரில் முகத்தைப் பார்த்தே கதவு திறக்கும், சீட்டும் அதற்கேற்ப நகரும். டோக்கனை விட்டு ஆளைப் பார்க்க இத்தனை வருடம் ஆகியிருக்கிறது.

இந்த வரலாறு தெரிந்தால் பாதிக் கோளாறுகளை நாமே கண்டுபிடித்துவிடலாம்.

1. சீட் தப்பான இடத்துக்குப் போனால் முதலில் சாவியை மாற்றிப் பாருங்கள். சாவிகளில் வேறு வேறு நிறத்தில் நூல் கட்டி வையுங்கள்.

2. ஒரே பையில் இரண்டு சாவியையும் வைக்காதீர்கள்.

3. சாவியின் பட்டன் பேட்டரியை மாற்றினால் சீட் விவரம் அழியாது, அது காரில்தானே இருக்கிறது! கார் பேட்டரியைக் கழற்றினால்தான் சில கார்களில் அழியலாம். அந்தந்தச் சாவியோடு உட்கார்ந்து மறுபடி பதிய வேண்டும்.

4. புதுச் சாவி செய்தால் அதற்குப் புது எண். லெட்ஜரில் புதுப் பக்கம் மாதிரி, காலியாகத்தான் இருக்கும்.

5. காரை விற்கும்போது பழைய விவரங்களை அழித்துவிட்டுக் கொடுங்கள். சாவியைக் கொடுத்தாலும் உங்கள் தகவல் காரிலேயே தங்கியிருக்கும்.

சித்தி இப்போது தன் சாவியில் சிவப்பு நூல் கட்டியிருக்கிறார். அதற்குப் பிறகு பிரேக்குக்குக் கால் எட்டாமல் போனதில்லை. மோட்டார் மாற்றச் சொன்ன மெக்கானிக் என்னைப் பார்த்தால் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்!