சென்னைத் தீர்க்கரேகையும் பழைய நிலப்படங்களின் இடப்பெயர்வும்

பழைய நில அளவைப் படத்தாள்களிலுள்ள கடற்கரை, ஏரி, கால்வாய் எல்லைகளை வெக்டர் தரவாக மாற்றி, இன்றைய செயற்கைக்கோள் படத்தின்மீது வைத்து ஒப்பிடுவது தமிழக நிலவரலாற்று ஆய்வில் பெருகிவருகிறது. கோடுகள் பொருந்தாத இடத்தில் கடல் அரித்தது என்றோ ஏரி சுருங்கியது என்றோ முடிவு கூறப்படுகிறது. அதற்கு முன், அப்படத்தின் ஆள்கூறுகள் எந்தப் புவி வடிவத்தை அடிப்படையாகக் கொண்டவை என்பதை அறிதல் வேண்டும்.

வில்லியம் லாம்டன் 1802 ஏப்ரல் 10 அன்று பரங்கிமலை அருகே ஏறத்தாழ 12 கி.மீ. நீளமுள்ள அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். முக்கோண அளவை அங்கிருந்து விரிந்தது. தீர்க்கரேகைக்கு நுங்கம்பாக்கத்து வானாய்வகம் ஆதாரமாயிற்று. அவ்வானாய்வகத்திற்கு முதலில் கொள்ளப்பட்ட மதிப்பு 80 பாகை 17 நிமிடம் 21 விநாடி. பின்னர் அது 80 பாகை 14 நிமிடம் 54 விநாடி எனத் திருத்தப்பட்டது. வேறுபாடு 2 நிமிடம் 27 விநாடி, அதாவது சென்னையின் அட்சரேகையில் ஏறத்தாழ 4.4 கி.மீ. இவ்வளவு பெரிய விலகல் எவர் கண்ணிலும் படும். எனவே அதனால் ஆய்வு கெடுவது அரிது.

கெடுப்பது சிறிய விலகலே. ஜார்ஜ் எவரெஸ்டின் 1830ஆம் ஆண்டு நீள்கோளத்தின் அரைப் பேரச்சு 6377276 மீட்டர். இன்று வழங்கும் உலகப் புவி அளவை முறை 1984இல் அது 6378137 மீட்டர். நீள்கோளங்களின் மையங்களும் ஒன்றல்ல. எவரெஸ்ட் முறையிலிருந்து புதிய முறைக்கு மாற்ற, இந்தியாவுக்கென வெளியிடப்பட்டுள்ள மைய நகர்வு மூன்று அச்சுகளில் முறையே 295, 736, 257 மீட்டர். இவற்றைக் கொண்டு கணக்கிட்டால் சென்னையில் ஒரு புள்ளி ஏறத்தாழ 160 மீட்டர் மேற்கும் 150 மீட்டர் வடக்கும் நகர வேண்டும். நகர்த்தாமல் விட்டால் பழைய கரைக்கோடு கடலுக்குள் விழும். நிகழாத கடலரிப்பு ஒன்று அங்கே ‘சான்றுடன்’ பிறந்துவிடும்.

மென்பொருளில் இரு கட்டளைகள் குழப்பப்படுவதே இதற்குப் பெரும்பாலும் காரணம். ஆள்கூற்று முறையை ஒதுக்கும் கட்டளை தரவுக்குப் பெயர்ச்சீட்டு மட்டுமே ஒட்டுகிறது; எண்கள் மாறுவதில்லை. மறுவீழல் கட்டளையே ஒவ்வொரு புள்ளியையும் புதிதாகக் கணக்கிடுகிறது. ஆதலால் படத்தாளின் விளிம்புக் குறிப்பை முதலில் படித்து, அதன் சொந்த முறையை ஒதுக்கி, அதன் பின்னரே மைய நகர்வுடன் மறுவீழல் செய்தல் வேண்டும்.

விளைவைச் சரிபார்க்கக் கடற்கரையை நாடலாகாது. நாம் ஆராய்வதே அதன் மாற்றத்தைத்தான். கோயில் கோபுரங்களும் விமானங்களும் நம்பத்தக்கவை. லாம்டனின் குழுவும் அவற்றை நிலையங்களாகக் கொண்டது. 1808இல் தஞ்சைப் பெரிய கோயிலின்மீது ஏற்றும்போது அவரது பெரிய கோணமானி மோதிச் சேதமுற்ற கதை பலரும் அறிந்தது. சரிபார்த்த பின்னும் மைய நகர்வின் ஒவ்வொரு மதிப்பிலும் 10 முதல் 15 மீட்டர் வரை ஐயம் எஞ்சும். ஒரு மைலுக்கு ஓர் அங்குலம் என்னும் அளவில் வரைந்த படத்தில் அரை மில்லிமீட்டர் கோடே தரையில் 30 மீட்டருக்கு மேல் அடைக்கிறது. அத்தகைய படத்திலிருந்து 20 மீட்டர் கரைமாற்றத்தை எடுத்துரைக்க இயலாது.