வெள்ளிடை நிலம்

திருக்குறளின் ‘அரண்’ அதிகாரத்தில் நாட்டுக்குக் காவலாக நான்கு இயற்கைப் பொருள்கள் சொல்லப்படுகின்றன: நீர், மண், மலை, காடு. மற்ற மூன்றும் எளிதில் விளங்கிவிடும். மண் எவ்வாறு அரணாகும்? பரிமேலழகர் அதற்கு ‘வெள்ளிடை நிலம்’ என்று உரை காண்கிறார். மதிலுக்கு வெளியே ஒதுங்க நிழலும் குடிக்க நீரும் இல்லாமல் கிடக்கும் வெட்டவெளி அது. பகைவர் அங்கே தங்கி நின்று மதிலைப் பற்ற இயலாது. ஆக, ஒன்றும் இல்லாத இடமும் கோட்டையின் ஓர் உறுப்பே.

பரிமேலழகர் காஞ்சிபுரத்தவர், உலகளந்த பெருமாள் கோயிலில் வழிபாடு செய்துவந்தவர் என்பது மரபு. அந்தக் காஞ்சி இன்று இரண்டு படைவிமானத் தளங்களுக்கு நடுவே இருக்கிறது. வடக்கே ஏறத்தாழ 30 கி.மீ. தொலைவில் அரக்கோணத்தில் கடற்படையின் தளம். கிழக்கே தாம்பரத்தில் விமானப்படையின் தளம். 1997 முதல் 2019இல் செங்கல்பட்டு தனி மாவட்டமாகும் வரை தாம்பரம் காஞ்சிபுரம் மாவட்டத்திலேயே இருந்தது. உரையாசிரியரின் வெள்ளிடை நிலம் இவ்விரு தளங்களுக்கும் தேவைப்படுகிறது. அந்த வெறுமைக்கு யார் விலை கொடுப்பது என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி.

தமிழகத்தில் இதற்குப் பழைய சான்று ஒன்று சென்னையில் உள்ளது. 1746இல் பிரெஞ்சுக்காரர்கள் புனித ஜார்ஜ் கோட்டையைக் கைப்பற்றினர். கோட்டைச் சுவரை ஒட்டினாற்போல் வளர்ந்திருந்த கறுப்பர் நகரம் தாக்குவோருக்கு மறைவிடமாகும் என்பதை அந்த முற்றுகைக் காலம் காட்டிக்கொடுத்தது. பிரெஞ்சுக்காரர் அதில் ஒரு பகுதியை இடித்தனர். கோட்டையைத் திரும்பப் பெற்ற ஆங்கிலேயர் மிச்சத்தை அகற்றினர். பீரங்கி சுடுவதற்குத் தடையில்லாத திடல் ஒன்று உருவாயிற்று. அதன் எல்லையைக் குறிக்க 1773இல் நட்ட தூண்களில் ஒன்று இன்றும் பாரிமுனையில் நிற்கிறது. பீரங்கியின் வீச்சு வரலாறாகிப் போன பிறகு அந்தத் திடலில் 1892இல் உயர்நீதிமன்றம் எழுந்தது. சென்னையின் முதல் வெள்ளிடை நிலம், ஊர் ஒன்றை அழித்து உண்டாக்கியதாகும்.

1903ஆம் ஆண்டின் பாதுகாப்புப் பணிகள் சட்டம் இந்த வழக்கத்துக்கு ஓர் ஒழுங்கைத் தந்தது. கோட்டை போன்ற பாதுகாப்பு நிலைகளைச் சுற்றி 2,000 கஜம் வரை எல்லை வகுத்து, உள்ளே நெருங்க நெருங்கக் கட்டுப்பாடுகளை இறுக்கலாம் என்றது அச்சட்டம். அதோடு நிற்கவில்லை. எல்லையை முறைப்படி அறிவிக்க வேண்டும். அதனால் நட்டமடைவோருக்கு ஆட்சியர் கணக்கிட்டு இழப்பீடு தரவேண்டும் என்றும் விதித்தது. அந்நிய அரசு இயற்றிய சட்டம்தான். ஆயினும் வெறுமைக்கு விலை உண்டு என்பதை அது ஒப்புக்கொண்டது.

1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தது. ஏப்ரலில் கொழும்பின் மீதும் விசாகப்பட்டினத்தின் மீதும் ஜப்பானியக் குண்டுகள் விழுந்தன. சென்னை பாதி காலியாயிற்று. அந்தப் போர்க்காலத்தில்தான் தாம்பரம், அரக்கோணம், சோழவரம் ஆகிய இடங்களில் ஓடுபாதைகள் அமைந்தன. அவற்றின் பின்வரலாறு ஒன்றுபோல் இல்லை. சோழவரத்தில் நெடுங்காலம் கார்ப் பந்தயம் நடந்தது. தாம்பரம் 1954 முதல் விமானப் பயிற்றுநர்களை உருவாக்கும் பள்ளியின் இருப்பிடமாயிற்று. அரக்கோணம் 1992 மார்ச்சில் ‘ராஜாளி’ என்ற பெயரில் கடற்படைத் தளமாயிற்று; அதன் ஓடுபாதை 4 கி.மீ. நீளத்துக்கும் மேற்பட்டது.

விமானத்துக்கு வேண்டிய வெறுமை பீரங்கிக்கு வேண்டியதைப் போன்றதன்று. அது தரையில் தொடங்கிச் சரிவாக வானில் ஏறுகிறது. அனைத்துலக விமானப் போக்குவரத்து விதிகளின்படி, பெரிய ஓடுபாதையின் முனைக்கு அப்பால் முதல் 3 கி.மீ. வரை, 50 மீட்டர் தூரத்துக்கு ஒரு மீட்டர் உயரம் என்ற கணக்கில் அந்தச் சரிவு எழும். அதைத் துளைத்துக்கொண்டு எதுவும் நிற்கலாகாது. ஏகாம்பரநாதர் கோயிலின் ராஜகோபுரம் 1509இல் கிருஷ்ணதேவராயர் எழுப்பியது. உயரம் 59 மீட்டர். அத்தகைய கோபுரம் ஒன்று சமதரையில் ஓடுபாதையின் நேர்கோட்டில் நிற்க வேண்டுமானால் குறைந்தது 3 கி.மீ. தள்ளி நிற்க வேண்டும். பறவைகளாலும் ஆபத்து உண்டு என்பதால், விமான நிலையத்திலிருந்து 10 கி.மீ. சுற்றளவில் குப்பை கொட்டுவதையும் கால்நடைகளை வெட்டுவதையும் விமான விதிகள் கட்டுப்படுத்துகின்றன. ஏரிகளும் நீர்ப்பறவைகளும் நிறைந்த இந்த நிலப்பரப்பில் அது எளிய காரியமல்ல.

தாம்பரத்தில் ஓடுபாதை அமைந்தபோது சுற்றிலும் சிற்றூர்களும் வயல்களுமே இருந்தன. 1931 முதலே ஓடிய மின்சார ரயில் நகரத்தை அங்கே இழுத்து வந்தது. மனைகள் பிரிந்தன, வீடுகள் எழுந்தன. 2021இல் தாம்பரம் மாநகராட்சியும் ஆயிற்று. வேலிக்கு உள்ளிருந்த ஓடுபாதை இருந்த இடத்திலேயே இருந்தது. வேலிக்கு வெளியே இருந்த வெறுமை மட்டும் மனை மனையாக விற்றுத் தீர்ந்தது.

நாடெங்கும் இப்படியே நடந்தது. மும்பை ஆதர்ஷ் அடுக்குமாடி விவகாரம் வெடித்த பிறகு, 2011 மே மாதத்தில் பாதுகாப்பு அமைச்சகம் ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. படைநிலைகளிலிருந்து 100 மீட்டருக்குள் கட்டும் கட்டடங்களுக்கும், நான்கு மாடிக்கு மேற்பட்டதாயின் 500 மீட்டருக்குள் கட்டுபவற்றுக்கும் படைத்தரப்பின் தடையின்மைச் சான்று வேண்டும் என்றது அது. 2016இல் 193 நிலைகளுக்கு அந்தத் தூரம் 10 மீட்டராகக் குறைக்கப்பட்டது. 1903இன் சட்டம் சொன்ன இழப்பீடு இந்தச் சுற்றறிக்கையில் இல்லை. சட்டப்படி எல்லை அறிவிக்காமல் ஒரு கடிதத்தால் ஒருவரின் நிலத்தை முடக்க முடியுமா என்ற கேள்வி உயர்நீதிமன்றங்கள் வரை சென்றது. பாதுகாப்புத் தேவை பொய்யானதல்ல. அதன் சுமை, சேமிப்பையெல்லாம் போட்டு வேலியோர மனையை வாங்கியவர் தலையில் மட்டும் இறங்கியதே குறை.

காக்கப்பட்ட வெறுமையின் பயனுக்கு அரக்கோணம் சான்று. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை விமான நிலையம் மூழ்கி மூடப்பட்டது. அப்போது பயணிகள் விமானங்கள் ராஜாளியிலிருந்து பறந்தன. ஓடுபாதையின் முனையில் அடுக்குமாடிகள் நெருங்கி நின்றிருந்தால் அது எளிதில் கூடியிருக்காது. எதிரிக்காகக் காத்த வெளி மழைக்கு உதவியது.

காஞ்சிக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. தேர் திரும்ப அகலமான வீதி வேண்டும். நெசவாளர் பாவை விரித்துக் கட்ட நீண்ட தெரு வேண்டும். அந்தக் காலி இடங்கள் இல்லையெனில் திருவிழாவும் இல்லை, பட்டும் இல்லை. கைலாசநாதர் கோயில் போன்ற பாதுகாக்கப்பட்ட சின்னங்களைச் சுற்றி 100 மீட்டர் தடைப் பகுதி என்றும், அதற்கப்பால் 200 மீட்டர் கட்டுப்பாட்டுப் பகுதி என்றும் ஓர் அறிவிக்கை வந்தது. ராஜாளி தொடங்கிய அதே 1992இல்தான் அது வந்தது. 2010இல் அது சட்டத்திலேயே ஏறிற்று. கோயிலை அடுத்த பிள்ளையார்பாளையத்தில் தறிக்கு ஓர் அறை கூட்ட நினைப்பவர் இந்த வட்டத்தை நன்கு அறிவார்.

இப்போது மூன்றாவது வட்டம் வருகிறது. சென்னையின் இரண்டாம் விமான நிலையத்துக்கு நான்கு இடங்கள் ஆராயப்பட்டன. திருப்போரூரும் படாளமும் கைவிடப்பட்டதற்குத் தாம்பரம் விமானப்படைத் தளமும் கல்பாக்கம் அணுமின் நிலையமும் காரணங்களாகச் சொல்லப்பட்டன. பன்னூரும் பரந்தூரும் எஞ்சின. 2022 ஆகஸ்டில் காஞ்சிக்கு அருகிலுள்ள பரந்தூர் அறிவிக்கப்பட்டது. படைத்தளத்தின் வெறுமை காக்கப்பட்டது. அதன் பாரம் ஏகனாபுரத்தின் வயல்களுக்கு நகர்ந்தது. 5,000 ஏக்கருக்கு மேல் தேவைப்படும் அத்திட்டத்தை எதிர்த்து அவ்வூர் மக்கள் அந்த ஆண்டிலேயே போராடத் தொடங்கினர். 2025இல் ஒன்றிய அரசு கொள்கையளவில் ஒப்புதல் அளித்தது. கையகப்படுத்தும் நிலத்துக்காவது சட்டப்படி விலை உண்டு. வேலிக்கு வெளியே 20 கி.மீ. வரை கட்டட உயரத்துக்குத் தடையின்மைச் சான்று கேட்கும் விதியில் விலை பற்றிய பேச்சே இல்லை. காஞ்சி நகரமும் அந்த வட்டத்துக்குள் வரும்.

நகரம் வளரத்தான் செய்யும். விமானங்களும் பறந்தாக வேண்டும். வட்டங்களை மனைகள் விற்கும் முன்பே வரைந்து, ஊராட்சி அலுவலகச் சுவரில் வரைபடமாக மாட்டி, விளைச்சலுக்கும் ஏரிக்கும் அந்த வெளியை ஒதுக்கி, இழப்புக்குப் பொதுப்பணத்திலிருந்து ஈடு கொடுக்கலாம். 1903இலேயே எழுதப்பட்ட நியாயம்தான் இது. வெள்ளிடை நிலத்தை அரணின் உறுப்பாக எண்ணிய மரபு நம்முடையது. அரண் எல்லாருக்கும் பொது என்றால், அந்த நிலத்துக்கான விலையும் எல்லாரும் தரவேண்டியதே.