தலைநகரில் அமுக்கராக் கிழங்கு

தில்லிக்குக் குடிவந்த தமிழ்க் குடும்பங்கள் ஊரிலிருந்து கொணர்ந்த பொருள்களுள் மருந்துப் பெட்டி ஒன்றும் இருந்ததை மூத்தோர் மறந்திரார். சுக்கு, திப்பிலி, வசம்பு, அதிமதுரம் ஆகியவற்றோடு சில வீடுகளில் அமுக்கராக் கிழங்கும் அதில் இடம் பெற்றிருந்தது. பெட்டி காலியான பின்னரே இடர் தொடங்கும். நாமும் ஒருமுறை பாட்டியார் எழுதித் தந்த சீட்டுடன் பழைய தில்லியின் காரீ பாவ்லியில் கடை கடையாக ஏறி இறங்கியதுண்டு. அமுக்கரா என்ற பெயரை அறிந்தார் ஒருவருமிலர். கையிலிருந்த வேர்த்துண்டைக் காட்டியதும் முதிய வணிகர் ஒருவர் அதனை ஒடித்து முகர்ந்து, "அஸ்கந்த் நாகோரி" என்றார். பின்னர்க் குரலைத் தாழ்த்தி, "யாருக்கு?" என வினவினார். "பாட்டிக்கு, மூட்டுவலிக்கும் உறக்கத்துக்கும்" என்றோம். அவர் முகத்தில் தோன்றிய வியப்பு இன்னும் நம் கண்முன் நிற்கின்றது. பாட்டியின் மருந்து தலைநகரில் மெல்லிய குரலில் கேட்கத்தக்க பொருளானது எவ்வாறு என்று அன்று எழுந்த ஐயமே இக்கட்டுரைக்குக் காரணம்.

வடமொழியில் இதற்கு அசுவகந்தா என்று பெயர். பச்சை வேரில் குதிரையின் மணம் வீசும் என்பது பொருள். நாகோரி என்பது இராசத்தானத்து நாகௌர் நகரைக் குறிப்பது. தமிழ் மருத்துவர் நாட்டு அமுக்கரா என்றும் சீமை அமுக்கரா என்றும் பிரித்து வழங்குவர். கத்தரி, மணத்தக்காளி இவற்றின் குடும்பத்தைச் சேர்ந்த சிறு செடி இது. சொடக்குத் தக்காளியைப் போலவே மெல்லிய உறைக்குள் சிவந்த பழம் விடும். இன்று சந்தைக்கு வரும் வேரில் பெரும்பகுதி மத்தியப் பிரதேசத்து நீமச், மந்தசௌர் வட்டாரங்களிலும் இராசத்தானத்திலும் விளைவது. மழைக்காலத்தில் விதைத்து ஏறக்குறைய ஐந்தாறு திங்களில் பறிப்பர். லின்னேயஸ் என்ற சுவீடன் நாட்டு அறிஞர் 1753இல் இதற்கிட்ட இலத்தீன் பெயர் 'உறக்கம் தருவது' எனப் பொருள்படும். ஊக்கத்திற்கென்று இன்று விற்கப்படும் வேர் மேனாட்டார் ஏட்டில் உறக்கத்தின் பெயரால் பதிவாகியிருப்பது வேடிக்கையே.

சரக சம்கிதை இதனை வலிமை தரும் மருந்துகளிலும் உடலைத் தேற்றும் மருந்துகளிலும் சேர்த்துள்ளது. ஆயுர்வேதத்தின் எட்டு உறுப்புகளுள் வாஜீகரணம் ஒன்று. இல்லற இன்பத்தையும் மகப்பேற்றையும் கருதியது. வாஜி என்பதற்கும் குதிரை என்றே பொருள். ஆதலின் இவ்வேர் அத்துறையிலும் புகுந்ததில் வியப்பில்லை. ஆயினும் அது பல பயன்களுள் ஒன்றேயன்றி முழுப்பயன் அன்று. இளைத்தவர், முதியவர், உறக்கம் கெட்டவர் ஆகியோருக்கே இதனைப் பெரிதும் வழங்கினர். சித்த மருத்துவர் வேரைப் பசும்பாலில் பிட்டுப்போல் அவித்துத் தூய்மை செய்து, உலர்த்தி இடித்து அமுக்கராச் சூரணமாக்குவர்.

இனித் தில்லிக்கு வருவோம். 1650இல் எழுந்த பத்தேபுரிப் பள்ளிவாசலை அடுத்துள்ளது காரீ பாவ்லி. உவர்நீர்ப் படிக்கிணறு என்பது அப்பெயரின் பொருள். கிணறு மறைந்துவிட்டது, மிளகாய் நெடியும் மருந்துச்சரக்கு மூட்டைகளும் நிலைத்தன. அங்கிருந்து சிறிது தொலைவிலுள்ள பல்லிமாரான் தெருவில், ஷரீப் மன்சில் என்ற இல்லத்தில் வாழ்ந்தவர் ஹக்கீம் அஜ்மல்கான். கரோல் பாகில் குடியிருந்த நம்மவர் அஜ்மல்கான் சாலையில் புடைவையும் பாத்திரமும் வாங்கியிருப்பர். அப்பெயருக்குரியவரை அறிந்தோர் எத்தனை பேர்?

1912இல் பம்பாய் மாகாணம் இயற்றிய மருத்துவர் பதிவுச் சட்டம், மேனாட்டு முறை பயின்றோரையே பதிவுக்கு உரியவராக்கிற்று. வைத்தியரும் ஹக்கீம்களும் வெளியே நிறுத்தப்பட்டனர். அந்நாளில் யூனானியையும் ஆயுர்வேதத்தையும் ஒருகூரையின்கீழ்க் கற்பிக்கும் கல்லூரிக்காக உழைத்தவர் அஜ்மல்கான். 1916இல் வைசிராய் ஹார்டிஞ்சு பிரபு கரோல் பாகில் அடிக்கல் நாட்டினார். 1921ஆம் ஆண்டு பிப்ரவரி 13ஆம் நாள் திப்பியாக் கல்லூரியைத் திறந்து வைத்தவர் காந்தியடிகள். பாராட்டு மட்டும் கேட்கக் கூடியிருந்தோர்க்கு அடிகளின் பேச்சு கசந்திருக்கும். மேனாட்டு மருத்துவத்தின் போக்கை அவர் கடிந்தாரெனினும் அதன் ஆராய்ச்சி வேட்கையைப் போற்றினார். நம் வைத்தியரும் ஹக்கீம்களும் பழைய பாடங்களைக் கேள்வியின்றிப் பின்பற்றுகின்றனர் என்று வெளிப்படையாகவே வருந்தினார். நம் கருத்தில், அக்கல்லூரிக்குக் கிடைத்த மிகச்சிறந்த பரிசு அக்கடிந்துரையே.

அஜ்மல்கானும் அக்குறையை உணர்ந்தவரே. செருமனியில் வேதியியல் பயின்று மீண்ட சலீமுஸ்ஸமான் சித்திக்கியைக் கல்லூரி ஆராய்ச்சிக்கு அழைத்தவர் அவர். 1927 டிசம்பரில் ஹக்கீம் மறைந்தார். 1931இல் சித்திக்கி சர்ப்பகந்தி வேரினின்று பிரித்தெடுத்த காரப்பொருளுக்கு அவர் நினைவாக அஜ்மலைன் எனப் பெயரிட்டார். இதயத்துடிப்பு பற்றிய மருத்துவத்தில் அப்பெயர் இன்றும் உலகெங்கும் வழங்குகின்றது.

அமுக்கராவுக்கு அந்நற்பேறு அன்று வாய்க்கவில்லை. அதற்கு வாய்த்தது சுவர். சென்னையிலிருந்து வரும் இரயில் தலைநகரை நெருங்குகையில் இருமருங்குச் சுவர்களிலும் கொட்டை எழுத்தில் ஆண்மைக்குறைவு விளம்பரங்களைக் கண்டு, குழந்தைகள் கேட்கும் கேள்விக்கு விடையிறுக்க இயலாது சன்னலை மூடிய பெற்றோர் நம்முள் பலர். வலிமை தரும் வேர் என்ற பழம்பெயரை இவ்வகை வைத்தியர் கைப்பற்றிக்கொண்டனர். பாராளுமன்றம் 1954இல் மருந்துகள், மாய மருந்துகள் ஆட்சேபகர விளம்பரச் சட்டத்தை இயற்றி, இன்ப ஆற்றலைப் பெருக்குவதாகக் கூறும் விளம்பரங்களைத் தடை செய்தது. ரூஹ் அஃப்சா சர்பத்தால் நம் பிள்ளைகளும் அறிந்த ஹம்தர்த் தவாகானா முதலியோர், பேச்சுரிமையைக் காட்டி உச்ச நீதிமன்றம் சென்றனர். 1959 டிசம்பர் 18இல் தீர்ப்பு வந்தது. தடுக்கப்பட்ட மருந்துகளுக்கான வணிக விளம்பரம் பேச்சுரிமையின் காப்புக்கு உரியதன்று எனக் கூறிய நீதிமன்றம், எந்நோயையும் விதிகளால் பட்டியலில் சேர்க்கலாம் என்ற பகுதியையும் பறிமுதல் அதிகாரத்தையும் நீக்கி, ஏனையவற்றை நிலைநிறுத்தியது. சட்டம் வென்றது, சுவர்கள் அதனைப் படித்தனவா என்பது வேறு செய்தி.

ஆய்வும் பிற்பாடு வந்தது. 1965இல் இசுரேல் அறிஞர்கள் இச்செடியில் உள்ள விதாபெரின் என்ற பொருளின் அமைப்பைத் தெளிவாக்கினர். மனவழுத்தம் தணிவதிலும் உறக்கம் கூடுவதிலும் ஓரளவு பயன் உண்டெனச் சில வாரங்கள் நடந்த சிறு சோதனைகள் காட்டியுள்ளன. ஆடவரின் விந்தணுக்கள் பெருகியதாகக் கூறும் சோதனைகளும் உள. அவற்றில் பங்குகொண்டோர் தொகை சிறிதாகலின், அவற்றைக் கொண்டு கொட்டை எழுத்து எழுத இடமில்லை. அரிதாகச் சிலருக்குக் கல்லீரல் தாக்கமும் நேர்ந்துள்ளது. 2021இல் ஆயுஷ் அமைச்சகம், வேருக்கு மாறாக இலையைப் பயன்படுத்த வேண்டா என்று மருந்து செய்வோரைக் கேட்டுக்கொண்டது. 2023இல் டென்மார்க்கு இதனைத் தடையே செய்தது.

காரீ பாவ்லிக்குச் செல்லும் அன்பர்கள் தூளாக வாங்காது வேராகவே கேட்க. நல்ல வேர் நாராக இழுபடாது ஒடியும். உள்ளே வெண்மையாக மாவுப்பாங்குடன் இருக்கும். பருமனுக்கேற்ப விலை ஏறும். கருவுற்ற பெண்டிருக்கு இது ஆகாது. தைராய்டுக்கு மருந்து உண்போர் தம் மருத்துவரைக் கேட்டே தொடவேண்டும். நம் பாட்டியார் இரவில் ஒரு சிட்டிகைத் தூளைப் பாலில் கலந்து உண்பார். அதைப் பற்றி அவர் ஒருநாளும் குரலைத் தாழ்த்திப் பேசியதில்லை.