கீழே விழுந்த சீட்டு

மாட்டுத்தாவணியில இருந்து ஒத்தக்கடைக்கு வர்ற வழியில, யானைமலை கண்ணுக்குத் தெரியுற தூரத்துல, சென்னை உயர் நீதிமன்றத்தோட மதுரைக் கிளை இருக்கு. 2004 ஜூலையில திறந்தது. தினமும் தாண்டிப் போற நமக்கு அது ஒரு பஸ் ஸ்டாப். ஆனா நம்ம போன்ல இருக்குற ரம்மி ஆப்போட கதையில இந்தக் கட்டடத்துக்கு முக்கியமான ஒரு இடம் இருக்கு.

2020 ஜூலையில, பணம் வெச்சு சீட்டாடினதா போட்ட ஒரு போலீஸ் கேஸை ரத்து செய்யச் சொல்லி இங்க ஒரு மனு வந்தது. விசாரிச்ச நீதிபதி பி. புகழேந்தி சீட்டுக்கட்டோட நிறுத்தல. ஆன்லைன் ரம்மியைப் பத்தியும் பேசி, இதை ஒழுங்குபடுத்த ஒரு சட்டம் தேவைன்னார். நவம்பர்ல, விளம்பரத்துல நடிச்ச விராட் கோலி, கங்குலி உள்ளிட்டவங்களுக்கு இதே கிளையில இருந்து நோட்டீஸ் போச்சு. அதே மாசம் தமிழக அரசு அவசரச் சட்டம் போட்டுத் தடை பண்ணுச்சு. அது சட்டமாவும் ஆச்சு. 2021 ஆகஸ்ட்ல சென்னை உயர் நீதிமன்றம் அதை ரத்து செஞ்சது. ரம்மி திறமை விளையாட்டாச்சே, அதை எப்படி மொத்தமா தடை பண்ணுவீங்கன்னு கேள்வி.

இந்த ‘திறமை’ எங்க இருந்து வந்தது? 1963ல செகந்திராபாத்ல ஒரு கிளப்புக்குள்ள போலீஸ் புகுந்தாங்க. உள்ள ரம்மி ஓடிட்டு இருந்தது. அந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய், 1967 நவம்பர்ல நீதிபதி ஹிதாயத்துல்லா தீர்ப்பு எழுதினார். மூணு சீட்டு வெறும் அதிர்ஷ்டம், ரம்மி அப்படி இல்லைன்னார். காரணமா ரெண்டு விஷயம் சொன்னார். விழுற சீட்டையெல்லாம் ஞாபகம் வெச்சுக்கணும். எதைக் கையில வெச்சுக்கிறது, எதை எறக்குறதுன்னு தெரியணும்.

எனக்கு இதைப் படிச்சதும் எங்க பெரியப்பா ஞாபகம்தான். கல்யாண வீட்டுல முத நாள் ராத்திரி, பந்தல்ல பாயைப் போட்டு உக்காந்தா விடியிற வரைக்கும் எந்திரிக்க மாட்டார். தன் சீட்டைப் பார்க்குறதை விட அடுத்த கை என்னத்த எடுக்குதுன்னுதான் பார்ப்பார். நாம எறக்குறதை எடுக்கிற உரிமை அடுத்த ஆளுக்கு மட்டும்தானே. அவன் ஆர்ட்டின் எட்டை எடுத்துட்டானா, ஏழும் ஒம்போதும் பெரியப்பா கையில இருந்து கீழ விழாது. ரெண்டு கட்டு போட்டு ஆடுறதால ஒவ்வொரு சீட்டும் ரெண்டு இருக்கும். ரெண்டு ஏழும் கீழ போயிட்டா, ஜோக்கர் இல்லாம அங்க ஆறு-ஏழு-எட்டு சேரவே சேராது. அப்ப ஆறை பயமில்லாம எறக்குவார். கை மோசமா வந்தா முதல்லயே ஸ்கூட். இருபது பாயின்ட்டோட போகும். வீம்புக்கு உக்காந்தா எண்பது வரைக்கும் போகும்.

இந்தத் தற்காப்பை ஒரு தனிப் படிப்பாவே ஆக்கினவங்க ஜப்பான்காரங்க. அவங்க மாஜாங்ல எல்லாரும் எறக்குன கட்டையும் அவங்கவங்க முன்னாடி வரிசையா, எல்லாருக்கும் தெரியுற மாதிரி கிடக்கும். ஒருத்தன் ‘ரீச்சி’ன்னு சொன்னா, இன்னும் ஒரே கட்டைக்குக் காத்திருக்கான்னு அர்த்தம். நாம எறக்குற கட்டையில அவன் ஜெயிச்சா, அந்தப் பணம் மொத்தமும் நம்ம தலையிலதான். ஆனா ஒரு விதி: தானே ஏற்கெனவே எறக்குன கட்டையை வேற ஆள் எறக்கும்போது, அதை வெச்சு அவன் ஜெயிக்க முடியாது. அதனால அவன் முன்னாடி கிடக்குற அதே கட்டையை எறக்குனா நூறு சதவீதம் பத்திரம். நாலு எறக்கியிருந்தான்னா, அதே வகையில ஒண்ணும் ஏழும் ஓரளவு பத்திரம். ஓரளவுதான், ஏமாத்துறவனும் இருப்பான்.

கவனிச்சீங்களா, அங்க ஞாபகசக்திக்கு பெருசா வேலையே இல்ல. எல்லாம் கண்ணு முன்னாடி. அப்பவும் தெரிஞ்சவனுக்கும் தெரியாதவனுக்கும் வித்தியாசம் அப்படியே இருக்கு. நம்ம ஊர் ஆப்கள்லயும் எறக்குன சீட்டை வரிசையா காட்ட ஒரு பட்டன் வந்துடுச்சு. ஹிதாயத்துல்லா சொன்ன முதல் காரணத்தை இப்ப போனே பாத்துக்குது. ரெண்டாவது காரணம் மட்டும் போதும்னுதான் என் கணக்கு. ரம்மி திறமை விளையாட்டுதான், அதுல எனக்குச் சந்தேகமில்ல.

ஆனா அதே தீர்ப்புல இன்னொரு வரி இருக்கு. இதை அதிகம் பேர் சொல்றதில்ல. கிளப் நடத்துறவர் அந்த ஆட்டத்துல இருந்து லாபம் பார்த்தா, விஷயம் வேற, குற்றமாகலாம்னு அதுல எழுதியிருக்கு. பெரியப்பா பந்தல்ல யாரும் கமிஷன் எடுக்கல. ஆப் ஒவ்வொரு ஆட்டத்துலயும் எடுத்துச்சு. பெரியப்பாவுக்கு விடிஞ்சா ஆட்டம் முடிஞ்சது, தாலி கட்டுற நேரமாயிடும். ஆப்புக்கு விடிஞ்சதே இல்ல.

2023 நவம்பர்ல சென்னை உயர் நீதிமன்றம் மறுபடியும் ரம்மியை அதிர்ஷ்ட விளையாட்டுப் பட்டியல்ல இருந்து வெளிய எடுத்துச்சு. அம்பது வருஷத்துக்கும் மேல இதே வாதம். கடைசியில 2025 ஆகஸ்ட்ல நாடாளுமன்றம் நிறைவேத்துன சட்டம் அந்தக் கேள்வியையே கேட்கல. திறமையோ அதிர்ஷ்டமோ, ஆன்லைன்ல பணம் கட்டி ஆடுறதா, அப்ப கூடாது, அவ்வளவுதான்.

பெரியப்பா இப்பவும் ஆடுறார். போன வைகாசியில ஒரு கல்யாணத்துல அவருக்கு அடுத்த கை நான். ராத்திரி முழுக்க எனக்கு ஒரு சீட்டு கூட எறக்கல மனுஷன்.