சாலும் பரிசும்: உழவுப் போட்டியின் வரலாறும் தென்பாண்டி நாட்டுப் பொன்னேரும்

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், மதுரையிலிருந்து தென்காசி வழியாகக் கொல்லம் செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்துள்ள புளியங்குடி, எலுமிச்சைச் சந்தையால் பெயர் பெற்ற ஊராகும். இவ்வூரின் மேற்கே மலையடித் தோட்டங்களும், குளத்துப் பாய்ச்சலில் கார், பிசானம் என்னும் இரு போகமும் விளையும் நெல்வயல்களும், கிழக்கே சங்கரன்கோயில் திசையில் செல்லச் செல்லக் கரிசல் நிலமும் காணப்படுதலின், தோட்ட உழவு, தொளி உழவு, புழுதி உழவு ஆகிய மூன்றையும் சிறு எல்லைக்குள் ஒப்பிட்டு நோக்க இப்பிரதேசம் இடந்தருகிறது. உழவில் இத்தனை பழுத்த ஒரு பிரதேசத்தில், மேனாட்டில் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக நடந்துவரும் உழவுப் போட்டி வேர்கொள்ளாமற் போன காரணம் யாது, அதன் ஸ்தானத்தில் இங்கு நிலைபெற்ற வழக்கம் யாது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் உத்தேசம்.

போட்டியின் தோற்றம்

பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஸ்காட்லாந்தில் ஜேம்ஸ் ஸ்மால் என்பவர் அமைத்த இலேசான கலப்பை, பல விலங்குகளும் ஆட்களும் கூடிச் செய்த வேலையை இரண்டு குதிரைகளும் ஒரே உழவனும் செய்து முடிக்கும்படியாக்கியது. அதில் பொருத்திய வளைந்த பலகை, மண்ணை வார்வாராக அறுத்துப் புரட்டி, புல்லையும் களையையும் அடியிற் புதைத்துவிடுவதால், உழவனுடைய கைத்திறம் முழுவதும் நிலத்தின்மேல் எழுதி வைத்தாற்போல் பிரத்தியட்சமாயிற்று. கண்ணால் கண்டு தரம் பிரிக்கத்தக்க வேலைக்கே போட்டி பொருந்தும். ஆதலால் 1784 இல் நிறுவப்பட்ட ஹைலண்ட் சங்கம் முதலிய அமைப்புகள் உழவர்க்குப் பதக்கமும் பரிசும் அளிக்க முன்வந்தன. முதற்சால் கோணாமல் சென்றதா, ஆழம் ஒரே சீராக உள்ளதா, களை முற்றும் புதைந்ததா, இறுதிச்சால் செம்மையாக முடிந்ததா என்பனவே இன்றளவும் நடுவர் நோக்கும் அம்சங்கள். விரைவுக்கு அங்கே இரண்டாம் இடமே.

அயர்லாந்தில் 1931 ஆம் ஆண்டில், எந்த மாவட்டத்து உழவர் திறமை மிக்கவர் என்று இரு நண்பர்களுக்குள் எழுந்த வாதம், ஆதை என்னும் ஊருக்கு அருகில் கில்டேர், வெக்ஸ்போர்டு மாவட்டங்களுக்கிடையே ஒரு போட்டியாக முடிந்து, பின்னர் அந்நாட்டின் தேசியத் திருவிழாவாக வளர்ந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் 1952 இல் உலக உழவு ஸ்தாபனம் தோன்றியது. அடுத்த ஆண்டில் கனடாவிலுள்ள கோபர்க்கில் முதல் உலகப் போட்டி நிகழ்ந்தது. குதிரைகள் மறைந்து டிராக்டர்கள் வந்தன. அந்த டிராக்டர்களும் பழமையடைந்தபின், பெரும்பாலும் 1960க்கு முற்பட்ட யந்திரங்களுக்கெனத் தனிப்பிரிவு வகுக்கப்பட்டது. அப்பிரிவில் மிகுதியாகக் காணப்படுவனவற்றுள் ஒன்று, 1946 முதல் 1956 வரை இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரில் ஐந்து லட்சத்துக்கு மேல் செய்யப்பட்ட சாம்பல் நிற பெர்குசன் டிராக்டர்.

நம் கலப்பையும் அரசாங்க முயற்சியும்

சென்னை கவர்னராயிருந்த சர் வில்லியம் டெனிசன் காலத்தில், 1865 இல், சைதாப்பேட்டையில் மாதிரிப் பண்ணை நிறுவப்பட்டு மேனாட்டுக் கலப்பைகள் பரிசோதிக்கப்பட்டன. நாட்டுக் கலப்பை நிலத்தைக் கீறுகிறதேயன்றிப் புரட்டுவதில்லை என்பதே அதிகாரிகள் பலரின் குறையாயிருந்தது. ஆயின் 1889 இல் இந்தியாவுக்கு வந்து சுற்றுப்பயணம் செய்த ரசாயன நிபுணர் வோல்க்கர், 1893 இல் வெளியான தம் அறிக்கையில், இந்தியக் குடியானவனின் விவசாய ஞானம் தாழ்ந்ததன்று எனத் துணிந்து எழுதினார். குளிர்ந்து நனைந்த மண்ணைப் புரட்டி உலரவைப்பது ஐரோப்பாவின் தேவை. சுடுவெயிலில் உள்ள ஈரம் போகாமல் காப்பது நம் தேவை. கொழு கீறிய நிலத்தைக் குறுக்கும் நெடுக்குமாகப் பலமுறை உழுது புழுதியாக்கும் நம் முறையில், முதற்சால் அடுத்த உழவிலேயே அழிந்துவிடும். அழிந்துபோகும் சாலுக்குப் பரிசளிப்பது எங்ஙனம்? நம் நாட்டில் உழவுப் போட்டி வேர்விடாமைக்குத் தலையாய காரணம் இதுவே என்பது என் துணிபு.

பெர்குசனின் வழித்தோன்றல்

நம் நாட்டில் 1947 இல் மத்திய டிராக்டர் ஸ்தாபனம் அமைக்கப்பட்டு, போரில் எஞ்சிய யந்திரங்களைக் கொண்டு தரிசு திருத்தும் பணி தொடங்கியது. 1959 இல் பரீதாபாத்தில் ஐஷர் கம்பெனி டிராக்டர் உற்பத்தியைத் தொடங்கியது. 1960 இல் சென்னையில், மாசி பெர்குசன் கம்பெனியின் ஒத்துழைப்புடன் டாபே நிறுவனம் உருவாயிற்று. 1953 இல் பெர்குசனும் மாசி ஹாரிஸும் இணைந்தே மாசி பெர்குசன் தோன்றியதாதலால், மேனாட்டில் மாலை சூடிப் பந்தயக் களத்தில் நிற்கும் கிழட்டு யந்திரமும், நம் ஊர்ப்பக்கம் நெல்மூட்டை ஏற்றிய டிரெய்லரை இழுத்துச் செல்லும் பழைய டிராக்டரும் ஒரே குலத்தில் பிறந்தவை. அங்கே ஓய்வு பெற்றது. இங்கே இன்னும் ஊழியம் புரிகிறது.

டிராக்டர் இழுக்கும் கருவியும் நிலத்துக்கேற்ப மாறும். கரிசலுக்குச் சட்டிக் கலப்பை, புழுதிக்கு ஒன்பது கலப்பை, தொளிக்கு இரும்புச் சக்கரம் என்பது வழக்கம். எலுமிச்சையின் உணவு வேர்கள் மேல்மண்ணிலேயே படர்வன. ஆதலின் அகல உழுவதைவிட ஆழ உழு என்ற பழமொழி அத்தோட்டத்தில் செல்லாது. ஆழத்துக்கு மதிப்பெண் அளிக்கும் மேனாட்டு விதி இங்கு அப்படியே பொருந்தாமைக்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

பொன்னேர்

போட்டி இல்லாத இடத்தில் இருந்தது பொன்னேர். சித்திரை முதல் நாளில் ஊரார் தத்தம் ஏர்களைப் பொது நிலத்திற் கொண்டுவந்து பூட்டி, ஒருங்கே உழுது ஆண்டைத் தொடங்கும் இவ்வழக்கம், கோவில்பட்டி, கயத்தாறு முதலிய கரிசற் பகுதிகளில் இன்றும் உயிர்ப்புடன் உள்ளது. சிலப்பதிகாரத்து நாடுகாண் காதை, அறுகும் குவளையும் நெற்கதிரும் தொடுத்த மாலையைச் சூட்டி உழவர் பாடிய ஏர்மங்கலத்தைக் குறிப்பிடுதலின், ஏருக்கு மாலையிடும் மரபின் தொன்மை விளங்கும். உழவு மாடுகள் அருகிவிட்ட இக்காலத்தில், அம்மாலை பல ஊர்களில் டிராக்டரின் கழுத்தில் விழுகிறது. முன் ஏர் போன வழியே பின் ஏர் என்ற முறையும் யந்திர வரிசைக்கு மாறியிருக்கிறது.

மேனாட்டார் முதற்சாலுக்கு மதிப்பெண் இட்டனர். நம் முன்னோர் முதற்சாலுக்கு வழிபாடு செய்தனர். கோணிய முன் ஏர் பின்வரும் ஏர்களையெல்லாம் கோணச் செய்யும் என்ற அறிவு இரு சாராருக்கும் பொதுவானது. ஆகவே, பழைய டிராக்டர்கள் இரும்புக் கடைக்குப் போகுமுன், பொன்னேர் நாளில் பொது நிலத்தின் ஒரு மூலையை ஒதுக்கி, இரு கோல்களை நட்டு, அவற்றுக்கிடையே நேர்ச்சால் ஓட்டுவோர்க்கு ஒரு துண்டேனும் போர்த்தும் வழக்கத்தை இப்பகுதி விவசாயிகள் தொடங்கலாம். வரப்பில் நின்றபடியே சாலின் குற்றம் சொல்லவல்ல முதியோர் நம்மிடையே இருக்கும்போதே அதைத் தொடங்குதல் வேண்டும்.