சட்டத்திற்குக் கண் வேண்டும்

முப்பத்தைந்து ஆண்டுகள் வகுப்பறையில் சரித்திரம் கற்பித்தவன் நான். ஒருநாள் ஹம்முராபியின் சட்டத்தைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். ஏறத்தாழ 3,750 ஆண்டுகளுக்கு முன் பாபிலோனை ஆண்ட அவ்வேந்தன் கரிய கல்லில் பொறித்த சட்டம், இன்று பாரிஸ் நகரத்து லூவர் காட்சிசாலையில் உள்ளது. கட்டிய வீடு இடிந்து அதன் சொந்தக்காரன் மாண்டால், கட்டியவனுக்கு மரண தண்டனை என்கிறது அச்சட்டம்.

"ஐயா, கட்டும்போதே வேலையாள் விழுந்து இறந்தால்?" என்று கடைசி வரிசை மாணவன் ஒருவன் கேட்டான். அவன் தந்தை கொத்தனார். முந்திய ஆண்டு சாரம் சரிந்து மாண்டவர். அக்கேள்விக்கு அக்கல்லில் விடை இல்லை. இல்லை என்று சொல்ல எனக்கும் நா எழவில்லை.

அவ்விடைக்காக உலகம் நெடுங்காலம் காத்திருந்தது. இங்கிலாந்தில் 1802 ஆம் ஆண்டு, நூற்பாலைகளில் உழைத்த சிறுவர்களைக் காக்க ஒரு சட்டம் பிறந்தது. ஆலைகளைப் பார்வையிடுவதையே தொழிலாகக் கொண்ட அதிகாரி ஒருவரும் இல்லாமையால், அஃது ஏட்டுச் சுரைக்காயாகவே நின்றது. 1833 ஆம் ஆண்டுச் சட்டம் நான்கு இன்ஸ்பெக்டர்களை நியமித்தது. நால்வரேயாயினும், ஆலைக்குள் புகுந்து கேள்வி கேட்கும் உரிமை அவர்களுக்கு இருந்தது. சட்டத்திற்குக் கண் கிடைத்தது. 1974 ஆம் ஆண்டுச் சட்டம் அதற்குக் கையும் தந்தது. கடுந்தீங்கு நேரக்கூடும் என்று கண்டால், ஒருவரும் காயமுறுவதற்கு முன்னரே வேலையை நிறுத்துமாறு அதிகாரி ஆணையிடலாம். கட்டடப் பணிக்கும் அவ்விதி உண்டு. மாண்டபின் தண்டிப்பது பழைய நீதி. மாளாமற் காப்பதே புதிய நீதி.

நம் நாட்டிலும் கட்டடத் தொழிலாளர்களுக்கெனத் தனிச் சட்டம் 1996 இல் இயற்றப்பெற்றது. பின்னர் அதன் பொருள் 2020 ஆம் ஆண்டுத் தொகுப்புச் சட்டத்தில் சேர்க்கப்பெற்றது. ஆயினும் 2014 ஜூன் 28 அன்று, சென்னையை அடுத்த மௌலிவாக்கத்தில் கட்டிமுடியாத 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் மாண்டனர். அன்று சட்டம் இல்லாமலா போயிற்று?

ஆலை ஓரிடத்தில் நிற்கும். இன்ஸ்பெக்டர் மறுபடியும் வந்து பார்க்கலாம். கட்டட வேலையோ இன்று இங்கே, நாளை வேறிடம். காண்டிராக்டருக்குக் கீழே காண்டிராக்டர், அவருக்குக் கீழே மேஸ்திரி. பொறுப்பு கைமாறிக் கைமாறிக் கடைசியில் சித்தாளின் தலைமேல் விழுகிறது. ஆதலின், இங்கே சட்டத்திற்குக் கண்கள் அதிகம் வேண்டும்.

அன்று அம்மாணவனுக்கு நான் சொல்லாத விடையை இன்று உங்களிடம் சொல்கிறேன். எழுதிய சட்டம் பாதிதான். ஏறிப் பார்ப்பவனே மறுபாதி. நாளை உங்களுள் சிலர் பொறியாளர் ஆவீர்கள். சிலர் அதிகாரிகள் ஆவீர்கள். கையொப்பமிடும் முன், சாரத்தின் கட்டை ஒருமுறை உங்கள் கையால் அசைத்துப் பாருங்கள். அதன்மேல் நிற்பவர் ஒரு பிள்ளையின் தந்தை.