தண்டவாளம், தார்ச்சாலை, நிலம்: மொரப்பூர் பாதையை முன்வைத்து

ரயிலா, சொந்தக் காரா என்கிற பேச்சு அரூரில் நாலு படித்தவர்கள் கூடுகிற இடத்திலெல்லாம் வந்துவிடுகிறது. முன்பதிவு கிடைக்காது, வண்டி லேட்டு, கழிவறை நாற்றம், பக்கத்து சீட்காரர் நம் தோளில் தூங்குவார். காரென்றால் 'நெனச்ச நேரத்துல கெளம்பலாம், நெனச்ச எடத்துல நிறுத்தி டீ குடிக்கலாம்.' இதில் பொய் ஒன்றும் இல்லை. மொரப்பூரில் நடுராத்திரி இறங்கி, அரூருக்கு முதல் பஸ் வரும்வரை மூட்டையோடு உட்கார்ந்திருந்தவர் யாரும் ரயிலைப் பற்றிக் காவியம் பாடமாட்டார். ஆனால் பேச்சு முழுக்க ஒரு 'தேர்வு' பற்றியதாகவே கட்டமைக்கப்படுகிறது, கடையில் இரண்டு சோப்பில் ஒன்றை எடுப்பதுபோல. ரயில் ஏன் அரூருக்கு வராமல் மொரப்பூரோடு போய்விடுகிறது, கார் எப்படி வாசலுக்கு வந்தது என்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. அதில் தேர்வு செய்தவர்கள் நாமல்ல.

முதலில் 'பக்கத்து சீட்காரர்' விஷயம். ரயில் பயணத்தின் வரலாற்றை எழுதிய ஜெர்மானியர் வொல்ஃப்காங் ஷிவெல்புஷ் 1977இல் வந்த தன் நூலில் ஒன்றைக் கவனப்படுத்துகிறார். ஐரோப்பிய ரயில்களின் மேல்வகுப்புப் பெட்டி, குதிரை வண்டியின் கூண்டை அப்படியே தூக்கித் தண்டவாளத்தின் மேல் வைத்தது. அதாவது கனவான் தன் வண்டியைவிட்டு இறங்காமலேயே ரயில் ஏறினார். 1860இல் பிரான்சில் புவான்சோ என்ற நீதிபதி ஓடும் ரயிலின் தனிப்பெட்டிக்குள் கொலையுண்டு கிடந்த பிறகுதான் அந்தத் தனிமை பயமாக மாறியது. நம்ம ஊர்க் கனவான்களின் பயம் தனிமை பற்றியதே இல்லை. யார் பக்கத்தில் உட்காருகிறார், யார் தொட்ட பாத்திரத்தில் தண்ணீர் வருகிறது என்பதுதான் இங்கே பிரச்சினை.

ரயில் வந்தால் பரம்பரைத் தொழில் பிரிவினை கரையும், அதன்மேல் நிற்கும் சாதியும் கரையும் என்று மார்க்ஸ் 1853இல் எழுதினார். ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்கு முதல் ரயில் ஓடியது 1856இல். சாதி கரையவில்லை, டிக்கெட் வாங்கிக்கொண்டு ஏறி உட்கார்ந்தது. ரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலைகளில் பிராமணருக்கு ஓரிடம், இதரருக்கு ஓரிடம். பெரியாரும் சுயமரியாதைக்காரர்களும் விடாமல் நடத்திய போராட்டத்துக்குப் பிறகு 1941இல்தான் அந்தப் பிரிவினை நீங்கியது. காந்தி 1917இல் மூன்றாம் வகுப்பு பற்றி எழுதியது வேறு வகை ஆவணம். பம்பாயிலிருந்து மெட்ராஸுக்கு அவர் வந்த பெட்டியில் 22 பேருக்குத்தான் இடம் என்று எழுதியிருந்தது, 35 பேர் அடைபட்டு வந்தார்கள். மூன்றாம் வகுப்பு என்ற பெயர் 1974இல் ஒழிந்தது. பெயர்தான் ஒழிந்தது என்பதை முன்பதிவில்லாப் பெட்டியில் சேலத்திலிருந்து சென்னைவரை நின்றுகொண்டே போனவர் சொல்வார்.

சிற்றுண்டிச் சாலைப் பிரிவினை நீங்கிய அதே 1941இல் எங்கள் பகுதியில் இன்னொன்றும் நடந்தது. மொரப்பூரிலிருந்து தருமபுரி வழியாக ஓசூருக்குப் போன ரயில் பாதையை மூடிவிட்டார்கள். அப்படி ஒரு பாதை இருந்ததே இப்போது பலருக்குத் தெரியாது. இரண்டரை அடி அகலக் குறுகிய பாதை. தருமபுரிவரை 1906இல், ஓசூர்வரை 1913இல் திறக்கப்பட்டது. மெட்ராஸிலிருந்து பேப்பூருக்கு 1862இல் முழுமையடைந்த பெரிய பாதை மொரப்பூரைத் தொட்டுக்கொண்டு போனது. அதிலிருந்து கிளையாக வளர்ந்தது இந்தச் சின்ன ரயில். திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு 1905இல் போட்ட பாதை இதன் சகோதரி. இரண்டையும் காலனிய ஆவணங்கள் 'பஞ்சப் பாதைகள்' என்றே வகைப்படுத்தின. 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் அன்றைய சேலம் ஜில்லா கொத்துக்கொத்தாகச் செத்தது. ரயில் இருந்தால் தானியம் வந்து சேரும் என்பது 1880 பஞ்சக் கமிஷனின் தர்க்கம். (விலை எங்கே அதிகமோ அங்கேதான் அதே ரயில் தானியத்தை ஏற்றிக்கொண்டு போகும் என்பதை அப்போதே சுட்டிக்காட்டியவர்கள் உண்டு.) எப்படியானாலும், ஜனங்கள் பசியில் செத்ததன் பேரில் வந்த ரயில் அது.

அதைக் கொன்றது எது? 1930களில் பஸ் வந்துவிட்டது. சின்ன ரயில் மெதுவாகப் போகும், ஸ்டேஷனில் மட்டும் நிற்கும். பஸ் ஊர் முனையில் கை காட்டினால் நிற்கும். ரயில்–சாலைப் போட்டியால் ரயில்வேக்கு ஏற்படும் நஷ்டத்தை ஆராய காலனிய அரசு 1932இல் மிட்செல், கிர்க்னெஸ் இருவரையும் நியமிக்க வேண்டியதாயிற்று. கிருஷ்ணகிரிப் பாதை 1936லேயே மூடப்பட்டது. பிறகு யுத்தம். கிளைப் பாதைகள் பலவற்றைக் கழற்றி இரும்பைப் போர்த் தேவைக்கு அனுப்பிய காலம் அது. பஞ்சத்துக்கென்று போட்ட பாதை லாபக் கணக்கில் தோற்றது என்றுதான் ஏடுகள் சொல்லும். பஞ்ச நிவாரணத்துக்கு எப்போதிலிருந்து லாபக் கணக்கு பார்க்க ஆரம்பித்தார்கள் என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

மொரப்பூர்–தருமபுரிப் பாதை வேண்டுமென்று இங்கே கேட்காத தேர்தல் கிடையாது. 2016-17 ரயில்வே நிதிநிலை அறிக்கையில் அனுமதி வந்தது. 2019இல் அடிக்கல் நாட்டினார்கள். சுமார் 36 கிலோமீட்டர்தான். நிலம் எடுப்பதிலேயே வருஷக்கணக்காக இழுத்தது. இடையில் 2023 ஏப்ரலில் சென்னை–கோவை வந்தே பாரத் வந்தது. மொரப்பூரில் நிற்காமல் விசிலடித்துவிட்டுப் போகும்.

இதோடு 2018ஐ ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது. சென்னை–சேலம் எட்டுவழிச் சாலை, 277 கிலோமீட்டர். எங்கள் அரூர், பாப்பிரெட்டிப்பட்டி தாலுகாக்கள் வழியாகத்தான் கோடு போட்டார்கள். கார்க்காரர் சென்னைக்குப் பாதி நேரத்தில் போய்விடலாம் என்பது வாக்குறுதி. அந்த ஜூன் மாதம் போலீஸ் பாதுகாப்போடு வயலுக்குள் கல் நட்டார்கள். அழுது புரண்டவர்களைத் தூக்கி வண்டியில் ஏற்றினார்கள். எதிர்த்துப் பேசியவர்கள்மீது வழக்கு பாய்ந்தது. வாச்சாத்தி இருக்கிற தாலுகா இது. அரசு வண்டிகள் வரிசையாக ஊருக்குள் வந்தால் என்ன அர்த்தம் என்று 1992 ஜூன் 20க்குப் பிறகு இங்கே யாருக்கும் பாடம் நடத்த வேண்டியதில்லை. 36 கிலோமீட்டர் ரயிலுக்கு நிலம் எடுக்கத் திணறுகிற அரசு எந்திரத்துக்கு, 277 கிலோமீட்டர் சாலைக்கு மட்டும் சில வாரங்களில் கால் முளைத்தது எப்படி?

இதைச் சொன்னால் 'அப்போ கார் வாங்குறவனெல்லாம் விவசாயிக்கு எதிரியா?' என்று கேட்பார்கள். அப்படிச் சுலபமாகச் சொல்லிவிட முடியாது. சொந்த வண்டியை நுகர்வு வெறி என்று ஏசுவது நம் முற்போக்குப் பத்திரிகைகளில் ஒரு சடங்காகவே ஆகிவிட்டது. 2012 நவம்பர் 7 அன்று தருமபுரி நாயக்கன்கொட்டாய் பக்கம் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி காலனிகளில் தலித்துகளின் வீடுகளைக் கொளுத்தியவர்கள் பைக்குகளையும் சேர்த்தே கொளுத்தினார்கள். ஊருக்கு வெளியே போய் உழைத்துச் சம்பாதித்து வாங்கிய வண்டிகள் அவை. ஊர்த்தெருவில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தவரின் பேரன் பைக்கில் போவதைப் பார்க்கச் சகிக்காத கண்கள் இங்கே நிறைய. அந்தப் பையனிடம் போய்ப் பொதுப் போக்குவரத்தின் மகத்துவத்தை நான் பேசமாட்டேன். அவனுக்கு வண்டி என்பது யாரிடமும் கைகட்டி நிற்காமல் ஊரைக் கடப்பது. காரின் குளிர்பதனக் கண்ணாடிக்குப் பின்னால் பக்கத்து சீட்காரரிடமிருந்து தப்பித்துப் போகிறவரின் 'சுதந்திரம்' வேறு. இரண்டையும் ஒரே சொல்லால் குறிப்பதில்தான் மோசடி இருக்கிறது.

எட்டுவழிச் சாலைக்கான நில எடுப்பை 2019 ஏப்ரல் 8இல் சென்னை உயர்நீதிமன்றம் ரத்து செய்தது. 2020 டிசம்பர் 8இல் உச்சநீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றித் திட்டத்துக்கு வழிவிட்டது. வரைபடத்தில் அந்தச் சாலையைப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். நுழைவு கட்டுப்படுத்தப்பட்ட பாதை, குறிப்பிட்ட இடங்களில் மட்டும்தான் ஏறி இறங்கலாம். அதாவது காருக்குப் போட்ட தண்டவாளம். நினைத்த இடத்தில் நிறுத்தி டீ குடிப்பதெல்லாம் அதில் நடக்காது. நிலம் கொடுத்த ஊர்க்காரர் அதன் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு மாட்டை ஓட்டிக்கொண்டு போக, எங்கே சுரங்கப் பாதை வைத்திருக்கிறார்கள் என்று தேடிக்கொண்டு போக வேண்டும்.